மூன்று வயது குறைகிறது

"அம்மாவுக்கு என்ன வயசுங்க ஆகுது?" என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் இருந்த சகாதேவன் கேட்டான்.

"எனக்கு எழுபத்தொண்ணு. அவ நாலு வயசு கம்மி. அறுபத்தேழு" என்றார் ஜானி பாஷா.

சகாதேவன் உதட்டைப் பிதுக்கினான். மாநில அரசுத் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டு. வீட்டுக் கடனுக்கே சரியாகிப்போனாலும், மகன் ஜீஷானின் பெங்களூர்ச் சம்பளம் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. எழுபது முடிந்தவர்களுக்கான மத்திய அரசு அட்டைக்கு வருமானம் கேட்க மாட்டார்கள், வயது மட்டும்தான். அதற்கு அவர் மனைவி முன்னி பேகத்துக்கு மூன்று வயது குறைகிறது.

"என் கார்டு இருக்கே, அதுல அவளைச் சேத்துக்க முடியாதா?"

"அவங்களுக்கும் எழுபது ஆகணும் பாய்."

சளிகூடப் பிடிக்காத தன் உடம்புக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு, இதயக் குழாயில் அடைப்போடு மூச்சு வாங்குகிறவளுக்கு ஒன்றுமில்லை. என்ன கணக்கோ. வெள்ளிக்கிழமைக்குள் ஸ்டென்ட் வைத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்து, ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்தி மூன்று வயதைக் கூட்டிவிடலாமா என்று மெதுவாகப் பேச்செடுத்தார்.

"என் ஆதாரைத் தொட்டீங்கன்னா நான் இந்த வீட்லயே இருக்க மாட்டேன்" என்றாள் முன்னி பேகம். உடனே அதை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எந்தப் பெண்ணுக்கும் வயதைக் கூட்டினால் கோபம் வரும்தான். அதற்காக உயிரைவிடவா வயது பெரிது? கல்யாணமான நாளிலிருந்து, வயதில் பெரியவன் சொல்கிறேன் கேள் என்று அதட்டியே குடும்பம் நடத்தியவர் அவர். இப்போதும் அதட்டிப் பார்த்தார். அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி, மகன் சொன்னால் கேட்பாள் என்று ஜீஷானுக்கு போன் போட்டார். பொய்த் தேதி கொடுத்தால் சிக்கலாகிவிடும் என்று அவன் பதறினான். பிறகு அம்மாவிடம் வெகுநேரம் தனியாகப் பேசினான். கடைசியில் அவரிடம், எல்லாம் அம்மா பார்த்துக்கொள்வார்களாம், நீங்கள் சும்மா இருங்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் நிஜமான பயம் பிடித்தது. முன்னி பேகம் திடீரென்று சாந்தமாகிவிட்டாள். புடவைகளை மடித்து அடுக்கினாள். அவருக்கு வேண்டிய மிளகாய்த்தூளை டப்பா நிறைய அரைத்து வைத்தாள். "பணத்தை நெனச்சு மண்டைய ஒடைச்சுக்காதீங்க, நடக்கறது நடக்கும்" என்று சிரித்தாள்.

போய்ச் சேருகிற முடிவுக்கே வந்துவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. தேரடித் தெருவில் இருந்த தன் பைக்கடையில், தொங்குகிற பைகளுக்கு நடுவே நின்று அழுதார். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பக்கத்துப் பாத்திரக்கடை வேடியப்பனுக்கு ரொம்ப நாளாகவே அந்தக் கடைமேல் ஒரு கண். அவசரம் என்று தெரிந்ததும் ஒரேயடியாக விலையை இறக்கினார். பேரம் பேசத் தெம்பில்லாமல் ஜானி பாஷா தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை ஜீஷான் வந்து அம்மாவை முதலில் அழைத்துப் போனான். வேடியப்பனிடம் கடைச் சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு இவர் கிளம்பினால், அன்று பார்த்துப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ ஆமையாய் ஊர்ந்தது. பாதி வழியிலேயே இறங்கி, பணப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். பணம் கட்டாமல் கதவைத் திறக்கவே மாட்டார்கள் என்ற நினைப்பு அவரைத் துரத்தியது.

வார்டு வாசலில் கவியா என்ற நர்ஸ் அவரைத் தடுத்தாள். முன்னி பேகத்தின் பெயரைச் சொல்லி, தாமதமாகிவிட்டதா என்று கேட்டார்.

"ஸ்டென்ட் வெச்சாச்சுங்க. நல்லா பேசிட்டு இருக்காங்க."

ஜானி பாஷா சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையை நீட்டி, பணத்தை எங்கே கட்ட வேண்டும் என்று கேட்டார்.

"பணம் எதுக்குங்க? அவங்களுக்குத்தான் எழுபத்தஞ்சு ஆவுதே, போன மாசமே எடுத்த கார்டு குடுத்தாங்க, அதுலயே முடிஞ்சிடுச்சு" என்றாள் கவியா. "ஆமா, நீங்க அவங்களுக்குத் தம்பிங்களா?"