மாஸ்டரின் பத்து அங்குலக் கத்தரி

கறுக்... கறுக்... சறுக்.

தையல் மாஸ்டருக்கு முதலில் காதுதான் விழித்தது. மற்ற உறுப்புகளெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன. முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிற மனுஷனுக்குத் தன் கத்தரிக்கோலின் சத்தம் பெற்ற பிள்ளையின் அழுகை மாதிரி. எந்த இரைச்சலிலும் பிரித்துச் சொல்லிவிடுவார். இது அவருடைய பத்து அங்குலக் கத்தரி. சந்தேகமே இல்லை. ஆனால் கடை வீட்டின் முன்னறையில் இருக்க, சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. துணி வெட்டுகிற சத்தமாகவும் இல்லை. ஈரமான, எலும்புள்ள எதையோ வெட்டுகிற சத்தம்.

கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு ஓடினார்.

மனைவி மீனுக்குத் துடுப்பு நறுக்கிக்கொண்டிருந்தாள். அவருடைய கத்தரியால்!

மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்குச் சீக்கிரமே எழுந்துட்டீங்களா? காபி தரட்டுமா?"

"மீ... மீன்!"

"ஆமா, மீன்தான்."

"என் கத்தரி!"

"ஆமா, உங்க கத்தரிதான்."

மறுத்திருந்தால்கூடச் சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும். இப்படி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறவளை என்ன செய்வது?

"அடியே, அதுல நான் காகிதம்கூட வெட்டமாட்டேனே! கூர் செத்துப்போகும்னு, வர்ற தபாலையெல்லாம் பல்லால கிழிக்கிறவன்டி நான்!"

"தெரியும். பல்லு ரெண்டு ஆடுதுன்னு நேத்துகூட சொன்னீங்களே."

"எத்தனை நாளா நடக்குது இந்த அநியாயம்?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "நாள் கணக்கு தெரியலை. வருஷம்னா பதினொண்ணு."

பதினொரு வருஷம்! எத்தனை கோட்டு, எத்தனை பட்டுச் சட்டை! மனக்கண்ணில் ஊர்ப் பெரிய மனுஷர்கள் எல்லோரும் மீன் வாசத்தோடு வரிசையாக நடந்துபோனார்கள்.

"அது என்ன அவ்வளவு உசத்தி? அரிவாள்மணை, கத்தி, ஒண்ணும் இல்லையா இந்த வீட்டுல?"

"இருக்கு. ஆனா இது மாதிரி வருமா? கீரையைக் கிண்ணத்துக்குள்ளேயே வெட்டிக்கலாம். பலகை வேண்டாம், பலகை கழுவத் தண்ணி வேண்டாம். மிளகாயைச் சட்டிக்கு மேலேயே நறுக்கிப் போடலாம், கையில காரம் ஒட்டாது. எண்ணெய் பாக்கெட்டு, ரொட்டி ஓரம், கோழித் தோல், எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும். வெட்டினதும் கழுவித் துடைச்சு, சொட்டு எண்ணெய் விட்டு, உங்க மேஜையிலேயே வெச்சிடறேன். அப்புறம் ஒரு விஷயம், மாசாமாசம் இதை நான்..."

"ஒண்ணும் சொல்லாதே! ஒரு வார்த்தை பேசாதே!"

அவள் அடுத்த மீனை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் ஒரு திட்டம் போட்டார். திட்டினால் இவள் திருந்தமாட்டாள், பரிசு கொடுத்துத்தான் கவிழ்க்கவேண்டும். பாத்திரக் கடைக்குப் போய், ஆரஞ்சு நிறப் பிடி போட்ட சமையல் கத்தரி ஒன்றை வாங்கிவந்து, கிரீடம் சூட்டுகிறவர் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

"இனிமே உனக்கு இது. எனக்கு அது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கவே கூடாது."

"எனக்கே எனக்கா?" அவள் முகம் மலர்ந்தது. "சரிங்க. உங்க கத்தரி பக்கமே வரமாட்டேன். எந்தக் காரியத்துக்கும் தொடமாட்டேன். அப்படித்தானே?"

"அப்படியேதான்!"

ஜெயித்துவிட்டோம் என்று மாஸ்டர் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். இவ்வளவு சுலபமாக ஜெயித்ததேயில்லை என்ற நினைப்பு மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

இரண்டு மாசம் போயிற்று. பல் டாக்டரம்மா ஒரு சாட்டின் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு விழா, பட்டம் வாங்குவது அவர் மகள். "இந்தத் துணி இனிமே கிடைக்காது மாஸ்டர். உங்களை நம்பித்தான்."

"கவலையே வேண்டாம்மா. பதினொரு வருஷமா இந்தக் கத்தரி சாணை பிடிக்கப் போனதில்லை. கைராசி!"

மறுநாள் காலை துணியை விரித்தார். சாக்பீஸால் கோடு போட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தரியை வைத்து அழுத்தினார்.

கத்தரி வெட்டவில்லை. மென்றது. சாட்டினின் ஓரம், பல்லில்லாத கிழவன் கடித்த முறுக்கு மாதிரி, நூல் நூலாகத் தொங்கியது.

மாஸ்டருக்குக் கண் இருண்டது. நல்லவேளை, தையலுக்குள் மறைகிற ஓரம். இன்னும் ஒரு அங்குலம் போயிருந்தால் டாக்டரம்மா மயக்க ஊசி போடாமலே அவருடைய பல்லைப் பிடுங்கியிருப்பார். தெருவிலிருக்கும் மற்ற தையல்காரர்களிடம் ஒரு கத்தரியைக் கடன் கேட்கலாமென்றால், கைராசிக் கதையை அவர்களிடம்தான் அதிகமாக அளந்திருந்தார்.

சமையலறைக்கு ஓடினார். மனைவி பீன்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, என் கத்தரிக்கு என்னமோ ஆயிடுச்சு!"

"கூர் போயிருக்கும். ரெண்டு மாசமா சாணை பிடிக்கலையே."

"ரெண்டு மாசமாவா? பதினொரு வருஷமா பிடிக்கலையே!"

"மாசாமாசம் சாணைக்காரர்கிட்ட கொடுத்துட்டுத்தானே இருந்தேன். அதைத்தான் அன்னைக்குச் சொல்லவந்தேன். ஒரு வார்த்தை பேசாதேன்னீங்க."

மாஸ்டர் மறுபடியும் அரிசி டிரம்மைத் தேடினார். அது இடம் மாறியிருந்தது. தரையிலேயே உட்கார்ந்தார். கைராசி, கைராசி என்று பெருமை பேசியதெல்லாம் கொல்லைக் கதவு வழியாக மாசாமாசம் போய்வந்த ராசியா!

"சரி, அந்த ஆள் எப்போ வருவார்?"

"இன்னைக்குத்தான். பத்து மணிக்கு. ஆனா தையல்காரர் கத்தரின்னா தொடமாட்டார்."

"ஏனாம்?"

"முன்னே ஒரு தையல்காரர் கூர் பத்தலைன்னு நடுத்தெருவுல அவரோட சாணைச் சக்கரத்தை உதைச்சுத் தள்ளினாராம். அன்னையிலேருந்து சத்தியம்."

"எவன் அந்த முரட்டுப் பயல்?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டருக்கு மெல்ல நினைவு வந்தது. வலது கால் கட்டைவிரல்கூட அன்று வீங்கியது.

"அதனாலதான் சமையல் கத்தரின்னு சொல்லிக் கொடுத்தேன். பொய் சொன்னா நாக்கு குழறும் எனக்கு. அதான் நிஜமாவே சமையலுக்கு எடுத்துக்கிட்டேன்."

"அப்போ இன்னைக்கும் எடுத்துக்கோயேன், தாயே! பீன்ஸ் வெட்டு! மீன் வெட்டு! எதை வேணும்னாலும் வெட்டு!"

"எனக்கு எதுக்குங்க? நீங்க ஆசையா வாங்கிக் கொடுத்தது இருக்கே." ஆரஞ்சுப் பிடியை அன்பாகத் தடவினாள். "உங்களுதை நீங்க சமையலுக்கு எடுத்தாலும் அது சமையல் கத்தரிதான். ஆனா ஒரு நாள் மட்டும்னா பொய்யாயிடும். தினமும்னா சாணைக்காரர்கிட்ட தைரியமா சொல்லுவேன்."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. முன்னறையில் சாட்டின் பாதி விரித்தபடி கிடந்தது.

கிண்ணத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மழுங்கின கத்தரியால் ஒரு பீன்ஸை நசுக்கி நசுக்கி வெட்டினார்.

"ரொம்ப நீளம். அரை அங்குலம் போதும்" என்றாள் மனைவி, அடுப்பைப் பார்த்தபடியே.

மாஸ்டர் அடுத்த பீன்ஸை எடுத்தார்.