டைரக்டர் பிறைக்கு வந்து போன விவரம்

சுங்கை பினாங்,
ஞாயிறு மாலை.

அன்பும் மரியாதையும் உள்ள லோகேஸ்வரி அக்காவுக்கு,

தம்பி சுகுமாரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டில் உள்ளவர்களும் சுகம். தெலுக் இந்தானில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள், அத்தானுக்கு முழங்கால் வலி படியேறும்போது மட்டும்தான் இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் “அப்புறம்? அப்புறம்?” என்று என்னை முடிவுக்குத் துரத்துவீர்கள். முடிவை மட்டும் கேட்டால் புரிகிற விஷயம் இல்லை இது. ஆகவே காகிதம்.

என் வேலை போய்விடுமோ என்று நீங்கள் கவலைப்பட்டது வீண் கவலை இல்லை. எங்கள் குழுமம் சென்னையில் தண்ணீர்ப் பம்பில் தொடங்கி, மெத்தை, ஊதுபத்தி, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று வளர்ந்து, இப்போது என்னென்ன செய்கிறது என்று அதிலேயே தலை நரைத்த எனக்கே தெரியாது. நினைத்தால் ஒரு கம்பெனியை வாங்குகிறார்கள், எங்களுக்குச் சொல்வதில்லை. பாலத்துக்கு அக்கரையில், பிறையில் இருக்கும் பினாங்குக் கிளையில் நாங்கள் ஒன்பது பேர், தோட்டங்களுக்குப் பம்பு விற்கிறோம், துறைமுகத்தில் இறங்கும் மெத்தைகளை எடுத்துக் கடைகளுக்கு அனுப்புகிறோம். துபாய், கொழும்பு, பினாங்கு மூன்றில் ஒரு கிளையை மூடப் போகிறார்கள், எதை மூடுவது என்று முடிவு செய்யப் பெரிய டைரக்டர் மூன்றையும் நேரில் பார்க்கிறார் என்று செய்தி வந்தது. எங்கள் முறை போன வியாழக்கிழமை. ஐம்பத்தாறு வயதில் என்னை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள், அக்கா?

எங்கள் மேனேஜர் ஹரிசங்கர் வயதில் சின்னவர், நல்ல பையன், ஆனால் பயந்த சுபாவம். டைரக்டர் வருகிறார் என்று வாசல் பெயர்ப்பலகையைப் புது வர்ணம் அடிக்க அனுப்பினார், அது வியாழக்கிழமைவரை திரும்பி வரவில்லை. கம்பெனியிலேயே வயதில் மூத்தவன் என்பதால் விமான நிலையத்துக்கு என்னை அனுப்பினார். நான் ஓட்டிப் போகும் காடியின் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் கடைசியாகச் சொன்னது இது: “அண்ணே, அவரு எது கேட்டாலும் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஒரு ‘இல்லை’க்கு ஒம்பது பேரு வீட்டுல அடுப்பு அணைஞ்சிடும்.” பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமே என்றாள் கணக்கு பார்க்கும் ரூபினி. சுற்றுலாக் கூட்டத்தை அப்படி அழைக்கலாம். நமக்குச் சோறு போடுகிறவரின் பெயரை அட்டையில் எழுதி நெஞ்சுக்கு நேரே பிடிப்பதா? நேரில் பார்த்து “உங்க பேரு என்ன?” என்று கேட்பது அதைவிட மோசம். டைரக்டரின் படத்தை ரூபினி போனில் காட்டியிருந்தாள், தலை நிறையக் கறுப்பு முடி. இப்படிப்பட்ட படங்களை எந்தக் காலத்தில் எடுப்பார்களோ என்று நானாகவே முடியைக் கழித்துக்கொண்டேன்.

சென்னை விமானத்திலிருந்து கோட்டு போட்ட வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் வெளியே வந்து, யாராவது தன்னை அழைத்துப் போவார்கள் என்ற உறுதியோடு நின்றார். அந்த நிற்கிற தோரணை டைரக்டர்களுக்கு மட்டுமே வரும். நான் போய்க் கும்பிட்டேன்.

“பினாங்கு டீமா?” என்றார்.

“ஆமாங்கய்யா. பசியாறிட்டீங்களா?”

“ஏர்போர்ட்டுக்கு வந்து சாப்பிட்டாச்சான்னு கேட்ட முதல் ஆள் நீர்தான். துபாய்ல நாற்பது பக்கத்துக்குக் கம்ப்யூட்டர்ல படம் காட்டினாங்க, ஒரு காபி தரலை” என்று பெட்டியை என்னிடம் தந்தார். துபாய் என்றதும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

காடியில் ஏறியதும் கேள்விகள் ஆரம்பமாயின. “கையுறை எப்படிப் போகுது?” என்றார். நாங்கள் கையுறை விற்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் போன மாதம் எதை வாங்கினார்களோ, யார் கண்டது? “நல்லாப் போகுதுங்கய்யா” என்றேன். “மீன் தீவனம்?” என்றார். “அது அதைவிட நல்லாப் போகுதுங்கய்யா.” பாலத்தில் வழக்கம்போல் நெரிசல், காடி நகரவில்லை, அவர் கண்ணாடியை இறக்கிக் கடற்காற்றை வாங்கிக்கொண்டே எதிர்க்கரையில் மின்நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டு, “நம்ம இடம் அதுவா?” என்றார். அக்கா, நான் சத்தியமாகப் பொய் சொல்லவில்லை, “அந்தப் பக்கந்தாங்கய்யா” என்றுதான் சொன்னேன். “அவ்வளவு பெரிசா!” என்று போனை எடுத்துப் படம் பிடித்தார். நெரிசல் விடும்வரை பிடித்தார்.

ஆபீசில் எல்லாரும் புதுச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். ஹரிசங்கர் மாலையைப் போட்டுவிட்டு, தான் தயாரித்து வைத்திருந்த படக்காட்சியைத் தொடங்கப் போனார். “அதெல்லாம் வேண்டாம்ப்பா, எனக்கு மனுஷங்களைப் பார்த்தாப் போதும்” என்று அவர் நேராகச் சாமான் கிடங்குக்குள் நுழைந்தார். அங்கே வரிசையாகப் பம்புகள். அப்படியே நின்றுவிட்டார்.

“பம்பும் நாம பண்றோமா?”

“ஆமாங்கய்யா” என்றோம் ஒன்பது பேரும்.

“மெத்தை?”

“ஆமாங்கய்யா.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லவே இல்லையே!” என்று ஒரு மெத்தையை அமுக்கிப் பார்த்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு பெரிய குழுமத்தில் பம்பும் மெத்தையும் அவருக்குத் தெரியாமல் போனதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை, கொஞ்சம் வருத்தம்தான். “கையுறை, தீவனம், பம்பு, மெத்தை, அதோட அந்தப் புகைபோக்கி. இத்தனையையும் ஒன்பது பேரா செய்யறீங்க? கொழும்புல முப்பது பேர் உட்கார்ந்துக்கிட்டு ஆள் பத்தலைங்கறான்!” என்றார். புகைபோக்கி என்றதும் ஹரிசங்கர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

அப்புறம் கையுறைப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்றார். ஹரிசங்கரின் முகம் வெளுத்துவிட்டது. ரூபினிதான், “அங்க இன்னிக்கு லீவு, சார்” என்றாள். “அப்ப தீவனம்?” என்றார். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸுல்கிஃப்லி குறுக்கே வந்து, “பாஸ், மாக்கான் முதல்ல, சாப்பிட்டப்புறம் தீவனம்லா. மீன் எங்கயும் ஓடாது, கறி ஆறிடும்” என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். டைரக்டர் கையைப் பிடித்து இழுப்பதா என்று எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவரோ கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

சாப்பாட்டுக் கடையில் வாழை இலை போட்டு, மீன்தலைக் கறி, நண்டு, இரண்டாம் முறை சோறு, மூன்றாம் முறை ரசம். தீவனத்தைப் பற்றிய பேச்சே அதற்குமேல் எழவில்லை. கை கழுவிவிட்டு வந்து கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஹரிசங்கர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “ஐயா, எங்க கிளைய மூடப் போறதா ஒரு பேச்சு...” என்று ஆரம்பித்தார். எங்கள் மேசையில் தண்ணி குடிப்பதுகூட நின்றுவிட்டது, அக்கா.

“மூடறதா? யார் சொன்னது? உங்க மேல கை வைக்கறவன் என்னைத் தாண்டித்தான் வரணும்” என்றார்.

ஹரிசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. “காரம்லா” என்று சமாளித்தார். ஸுல்கிஃப்லி இன்னொரு நண்டுக்குச் சொன்னான். மாலையில் விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோது அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “இத்தனை ஊர் போனேன், என்னை மனுஷனா நடத்தினது நீங்க மட்டுந்தான்” என்றார். நான் அழவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஆகவே அக்கா, வேலை நிலைத்தது. உங்கள் மகன் வாசு எனக்காகக் கிள்ளானில் பார்த்து வைத்திருக்கும் கிடங்கு வேலை வேண்டாம் என்று அவனிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், மாமா மேல் வைத்திருக்கும் பாசத்துக்கு நன்றியும் சொல்லுங்கள். அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், தண்ணீர்மலை முருகன் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல முழங்காலையும் கொடுக்கட்டும்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தம்பி,
சுகுமாரன்

பி.கு. — திங்கள் மதியம். தபாலில் போடுவதற்குள் இதைச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. வாசுவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டரின் கடிதம் கணினியில் வந்தது. “நான் பார்த்த குழுக்களில் பினாங்கு ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடாமல், ‘இது நம்முடையது இல்லை, அதை நாம் செய்வதில்லை’ என்று நேருக்கு நேர் சொன்னது. பம்பு ஒன்றுகூட விற்றதில்லை என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மைக்காகவே அந்தக் கிளை இருக்கும்” என்று எழுதியிருக்கிறார். கூடவே வியாழக்கிழமை எடுத்த படம். நடுவில், ரூபினி போனில் காட்டிய அதே முகம், தலை நிறையக் கறுப்பு முடியோடு ஒருவர், சுற்றிலும் ஏழு பேர், பின்னால் மீன் தொட்டிகள். “இதுல நாம யாருண்ணே?” என்று ரூபினி என்னைக் கேட்டாள். நாங்கள் சோறு போட்டு அனுப்பியவர் எந்தக் கம்பெனிக்கு டைரக்டர் என்று இன்னும் தெரியவில்லை, சந்தோஷமாகத்தான் போனார். எங்கள் டைரக்டர் தைப்பூசத்துக்கு மனைவியோடு வந்து, இதே குழுவினருடன் ஒரு வாரம் தங்கப் போகிறாராம். படத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உங்களுக்குத்தான் பினாங்கில் பாதிப் பேரைத் தெரியுமே, அந்த ஏழு பேரில் யாரையாவது அடையாளம் தெரிந்தால் உடனே எழுதுங்கள், அக்கா. அவர்கள்தான் நாங்கள்.