முன் அனுமதி பெற்ற வர்ணனை

வெள்ளிமலைக் கோடை விழாவின் நாய்க் கண்காட்சிக்கு அந்த வருடம் நாய்கள் கிடைக்கவில்லை. மலைப்பாதை வளைவுகளில் நாய்க்கு வாந்தி வரும் என்று உரிமையாளர்கள் கழன்றுகொண்டார்கள். காலியான அந்த நேரத்தை, இளைஞர் நலன் கருதி, மின்விளையாட்டுக்கு ஒதுக்குவது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. மின்விளையாட்டு என்றால் வேறொன்றுமில்லை. இரண்டு பையன்கள் செல்போனில் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். அதைப் பெரிய திரையில் போட்டு ஊரே பார்க்கும்.

பார்ப்பவர்களுக்கு விளங்க வேண்டுமே, அதற்கு ஒரு வர்ணனையாளர். எலவனாசூர்கோட்டையில் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு யூடியூப் நேரலையில் இதையே தொண்டை கிழியச் செய்துகொண்டிருந்த பவானியைப் பிடித்தார்கள்.

பவானிக்கு இதை விட்டால் வேறு கதியில்லை. அம்மா விஜயலட்சுமி கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டாள். "மேடையேறி நாலு பேர் மெச்சினா உன் இஷ்டம். இல்லன்னா வாயை மூடிக்கினு கடைக்குப் போ" என்பது தீர்ப்பு.

விழாப் பொறுப்பு அதிகாரி தீனதயாளன் அவளை அன்போடு உட்கார வைத்தார்.

"இன்னா பேசப்போறியோ, அத முன்னாடியே எழுதிக் குடுத்துடும்மா. பார்த்து அனுமதி தரணும்."

"ஆட்டம் நடந்தாத்தானே சார் இன்னா பேசறதுன்னு தெரியும்?"

"நடந்தப்புறம் குடுத்தா அது முன் அனுமதி இல்லியேம்மா."

"யார் ஜெயிப்பாங்கன்னே தெரியாதே சார்."

"தெரியாத விஷயத்துக்கு யாராவது மேடை போடுவாங்களா? வூட்டுக்குப் போய் நிதானமா யோசி."

பில் போடும் நாற்காலியை நினைத்துக்கொண்டு பவானி எழுதினாள். எழுதியது சிவப்பு மையோடு திரும்பி வந்தது. 'சுட்டான்' எல்லாம் 'சுட்டார்கள்' ஆகியிருந்தது. 'செத்தான்' அடிக்கப்பட்டிருந்தது.

"விழா மேடையில சாவுப் பேச்சா?"

"இயற்கை எய்தினார்னு போட்டுடட்டுமா சார்?" கடுப்பில்தான் கேட்டாள்.

அவர் அதையும் பொறுப்பாகப் பரிசீலித்தார். "சுட்டதுல இயற்கை இன்னா இருக்குது? 'பணி ஓய்வு பெற்றார்'னு போடு. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

ஆடப்போவது வெள்ளிமலைப் பாண்டியனும் கள்ளக்குறிச்சித் தமிழழகனும். மலை ஜெயித்தால் கீழே கோபித்துக்கொள்வார்கள், கீழே ஜெயித்தால் மலை கோபித்துக்கொள்ளும். ஆகவே இருவரும் வென்றனர் என்று முடிக்கும்படி உத்தரவாயிற்று.

"கடைசியா ஒருத்தன் மட்டும் உயிரோட நிக்கறதுதான் சார் ஆட்டமே."

"அது அவங்க ரெண்டு பேர் பிரச்சினைம்மா."

விழா நாள். ஆட்டம் தொடங்கியது. பவானியும் அனுமதிக்கப்பட்டபடியே தொடங்கினாள். தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, முன்னாள் துணைத் தலைவர் அவர்களே என்று வந்து, பந்தல் போட்டுக் கொடுத்த பெருந்தகை அவர்களை அவள் நெருங்குவதற்குள், திரையில் பாண்டியன் பாறைக்குப் பின்னாலிருந்து தமிழழகனைச் சுட்டுவிட்டான். ஆட்டம் முடிந்தது.

தீனதயாளன் தமிழழகனிடம் ஓடினார். "இன்னா தம்பி படுத்துகினு இருக்கே? எழுந்து ஓடு."

"செத்துட்டேன் சார்."

"பேப்பர்ல நீ இன்னும் ஆடவே ஆரம்பிக்கல. அதுக்குள்ள எப்படிச் சாவே?"

"அவனைக் கேளுங்க சார்."

"சும்மா நின்னுகினு இருந்தான், சுட்டேன்" என்றான் பாண்டியன். "வேணும்னா திரும்ப ஆடறோம்."

"திரும்ப ஆடினா திரும்பவும் தப்பாத்தான் ஆடுவீங்க."

செல்போன்கள் வாங்கி வைக்கப்பட்டன. திரையில் சிறப்பு விருந்தினரின் சிரித்த முகம் போடப்பட்டது. "நீ படிம்மா" என்றார் தீனதயாளன்.

பவானி படித்தாள். கூட்டம் வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்தது. ஜவுளிக்கடை கண் முன்னால் வந்து நிற்க, அவள் குரலைத் தூக்கினாள். பாண்டியன் அவர்கள் பள்ளத்தில் உருண்டார்கள். தமிழழகன் அவர்கள் ஒற்றைத் தோட்டாவோடு காத்திருந்தார்கள். கடலைப் பொட்டலங்கள் அப்படியே நின்றன. தமிழழகன் அவர்கள் பணி ஓய்வு பெறும் தருவாயில் மயிரிழையில் தப்பியபோது ஜனம் நாற்காலி மேல் ஏறி நின்றது. இருவரும் வென்றதும் இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியாக வெடி வெடித்தார்கள்.

அந்த வீடியோ ஊர் ஊராகப் பரவியது. தமிழழகனின் குறி சரியா, தப்பா என்று திருக்கோவிலூரில் இரண்டு நண்பர்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். "நான் இவ்ளோ நல்லா ஆடுவேன்னு எனக்கே தெரியாதுக்கா" என்று பாண்டியனே எழுதியிருந்தான். ஆட்டம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் சிக்கனம் கருதி ஆட்டக்காரர்களைத் தவிர்க்கலாம் என்று தீனதயாளன் மேலிடத்துக்குப் பரிந்துரை அனுப்பினார்.

விஜயலட்சுமி மட்டும் இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை. "ஒரு நாள் அதிர்ஷ்டத்தை உத்தியோகம்னு சொல்லாதே. ஞாயித்துக்கெழமை உன் யூடியூப்புக்கு எவ்ளோ பேர் வர்றாங்கன்னு பாத்துட்டு, நீ வேலைக்கு வர்றியா இல்லியான்னு அப்புறம் கடைக்குச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பவானி மானத்தோடு ஒரு காரியம் செய்தாள். நன்றாக ஆடத் தெரிந்த இரண்டு பேரை நிஜமாகவே ஆட வைத்து, நடந்ததை நடந்தபடி வர்ணித்தாள். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சிறிது நேரத்தில் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. கதவருகே நின்ற அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ எழுதினார்கள்: "அக்கா, நீங்க பேசறது சூப்பர். அந்த ஆட்டம்தான் நடுவுல நடுவுல வந்து தொந்தரவு பண்ணுது." அதை நூறு பேர் ஆமோதித்தார்கள்.

பவானி ஆட்டத்தை அணைத்தாள். கூட்டம் திரும்பி வந்தது. விஜயலட்சுமி கடைக்காரருக்குப் போன் போடப் போனாள்.