என் வேலையும் ஓர் அண்டா வெந்நீரும்

என் தங்கை பெற்ற தங்கமே,

மாமா எழுதுவது. இங்கே நான் நலம், என் பாடகரின் தொண்டையும் நலம். அங்கே உன் நலத்தையும் உன் அம்மாவின் கோபத்தின் அளவையும் அறிய ஆவல். "உங்களுக்கு வேலை போயிடுச்சாமே மாமா, இந்த வயசுல அண்ணனுக்கு வேற யாரு வேலை குடுப்பான்னு அம்மா ஓயாம புலம்புறாங்க" என்று கேட்டிருந்தாய். நடந்ததைச் சொல்கிறேன். ஒருத்தரும் நம்பப் போவதில்லை என்று இப்போதே சத்தியம் செய்துவிடுகிறேன்.

பாடகருக்கு மேனேஜராக இருப்பது ராஜாங்கம் நடத்துவது மாதிரி. என் பாடகர் கச்சேரி நாளில் விடிந்ததிலிருந்து மேடை ஏறும்வரை வாய் திறக்க மாட்டார், குரல் செலவாகிவிடுமாம். எல்லாம் ஜாடைதான். அது புரிகிற ஒரே ஜீவன் நான். காதைத் தொட்டால் மைக் சரியில்லை. மூக்கைத் தேய்த்தால் வந்திருப்பவரை வெளியே அனுப்பு. போனில் பேசாமல் இரண்டு தட்டுத் தட்டினால், எங்கே தொலைந்தாய், உடனே வா. அவர் மனைவியோடு போட வேண்டிய சண்டையைக்கூட அவர் சார்பில் நானே போட்டு, நானே தோற்று, நானே மன்னிப்பும் கேட்டிருக்கிறேன்.

போன கச்சேரிக்கு, 'இவர் குரலில் கண்ணாடி நொறுங்கும்' என்று போஸ்டரில் ஒரு வரி போட்டேன். என் வழக்கத்துக்கு அது அடக்கமான வரி. அரங்கத்துக்காரர் அதை நம்பி, ஜன்னல் கண்ணாடியை எல்லாம் முன்கூட்டியே கழற்றி பத்திரமா உள்ளே வச்சுட்டார். அந்தத் திறந்த ஜன்னல் வழியா அடிச்ச காத்துல டிரம்ஸ்காரர் டிரம்ஸோட பறந்து பக்கத்து ஊர்ல இறங்கி, அங்கேயே ஒரு கச்சேரியும் முடிச்சுட்டார். பாடகர் ஒரு தும்மல் போட்டார், முன்வரிசை நாற்காலியெல்லாம் பின்வரிசைக்குப் போயிடுச்சு. உடனே அரங்கத்துக்காரரைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி, கழுத்துக்குக் குறுக்கே விரலால ஒரு கோடு இழுத்து, வாசலைக் காட்டினார். "என்னங்க சொல்றாரு?"ன்னு அரங்கத்துக்காரர் என்னையே கேட்டார். என் வேலைக்கு நானே சங்கு ஊதணுமா? தொண்டை கட்டியிருக்கு, வாசல் கடையிலேருந்து வெந்நீர் வேணுமாம்னேன். வந்துச்சு. பாடகர் மறுபடியும் கோடு இழுத்தார். மறுபடியும் வெந்நீர். அண்டா அண்டாவா உள்ளே போய், தொண்டை திறந்து அவர் பாடின பாட்டை, மேலே போன விமானமெல்லாம் தாழ இறங்கி வந்து கேட்டுட்டுப் போச்சு. அப்புறம் என்னை எங்கே நீக்குறது? வேலை கல்லு மாதிரி இருக்குன்னு உன் அம்மாகிட்ட சொல்லிடு.

நீ பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும் குரலோடு நீடூழி வாழ வாழ்த்தும்,
உன் மாமா

பி.கு.: வெந்நீரே வரவில்லை. அரங்கத்துக்காரர் கேட்டதும், "இனிமே நான் மேனேஜர் இல்லைங்கறாரு" என்று உள்ளபடியே சொல்லிவிட்டேன். பாடகரின் ஜாடையை நான் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாயிற்று. பறந்த டிரம்ஸும் இறங்கிய விமானமும் நம் குடும்ப கௌரவத்துக்காக. இன்று அவருக்கு எங்கோ கச்சேரி. இந்தக் கடிதத்தை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. எடுத்தேன். பேச்சில்லை. இரண்டு தட்டு. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே இதை முடிக்கிறேன். மேலே எதை நம்பாவிட்டாலும் போகட்டும், அந்தத் தட்டு மட்டும் நிஜம்.