ஒரு மூஞ்சிக்கு ஒரு படம்

வருகிற வாடிக்கையைத் திருப்பி அனுப்புவதற்கென்றே ஒரு கடையைத் திறந்து வைத்திருந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் செஞ்சிக் கடைத்தெருவில், எங்கள் நைனாவின் பாத்திரக் கடைக்கு நாலு கடை தள்ளி, போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பலகையில் ஏதோ ஒரு பெயர் எழுதியிருந்தது. ஊருக்கு அவர் 'போதும்'. ஒரே ஒரு படம் எடுப்பார், கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டுவார், "போதும்" என்பார். இன்னொன்று எடுக்கச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு. எடுக்க வைத்தவர்கள் கிடையாது.

நான் பாலிடெக்னிக்கில் கட்டடப் படம் வரையப் படித்தவள். எதையும் வரிசை போட்டுப் பார்த்தால்தான் எனக்கு மனசு அடங்கும். அவருடைய சட்டங்களை வரிசை போட்டால் இப்படி வரும். ஒன்று, ஒரு மூஞ்சிக்கு வருஷத்துக்கு ஒரு படம். இரண்டு, கூரையில் பதித்த இரண்டு கண்ணாடி ஓடுகள் வழியே இறங்கும் வெளிச்சம் அவருக்குப் பிடிக்க வேண்டும். மூன்று, உட்கார்ந்திருப்பவரின் முகமும் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் மூன்றாவது சட்டத்தில்தான் விழுந்தார்கள். ஒரு குமாஸ்தா மூன்று நாள் வந்து திரும்பிப் போனார். நாலாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாய்யா, என் மூஞ்சில இன்னா கொற?"

"கொற ஒண்ணும் இல்ல சார். மூஞ்சியே இன்னும் வரலியே. ஆபீஸ் மூஞ்சிதான் தெனமும் வந்துனு இருக்குது."

பனமலையில் ஒரு கல்யாணத்துக்கு அவரை அழைத்தார்கள். தாலி கட்டும்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளை பாயசத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடனே எடுத்தார். பெண்ணின் அப்பா பதறிப்போனார்.

"தாலி கட்டறத எடுக்கலியேப்பா. நாளைக்கே கோர்ட்டு கேசுன்னா இன்னாத்தக் காட்டறது?"

"இந்தப் படத்தக் காட்டுங்க. எந்த ஜட்ஜும் பிரிக்க மாட்டாரு."

இத்தனைக்குப் பிறகும் கடை மூடாமல் ஓடியதற்குக் காரணம் கலை அல்ல. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் நம்பினார்கள். படத்துக்கு ஒரு வருஷம் என்று பேச்சு. பஸ் ஸ்டாண்டு எதிரில் புது ஸ்டூடியோ வந்தது. 'மூன்று எடுப்போம், பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம்' என்று பலகை வைத்தது. ஊர் நடுங்கிப்போய் போதும் கடையில் வரிசை கட்டியது.

"அவன் மூணு வருஷத்த உருவிடுவான்பா. நீன்னா ஒண்ணோட வுட்டுடுவே" என்று ஒரு விவசாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

போதும் அதற்குப் பிறகு இரண்டு நாள் கடை திறக்கவில்லை. தரத்துக்காகப் பட்டினி கிடக்கத் தயாராக இருந்தவரை ஊர் சிக்கனத்துக்காகப் பாராட்டினால் யாருக்கும் மனசு விட்டுப்போகும்.

படிப்பை முடித்து ஊருக்கு வந்த வருஷம் நானும் அவரிடம் மாட்டினேன். கோயம்புத்தூர் பக்கம் ஓர் அணைக்கட்டு ஆபீஸில் டிராப்ட்ஸ்மேன் வேலை. விண்ணப்பத்தில் போட்டோ ஒட்ட வேண்டும். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருந்தது. அதே வாரம் திண்டிவனத்து மாப்பிள்ளை வீட்டுக்கும் என் போட்டோவை அனுப்புவதாக நைனா வாக்குக் கொடுத்திருந்தார். எடுக்கப்போவது ஒரே படம். அதன் பிரதிகள்தான் இரண்டு இடத்துக்கும் போகும். அதில் இருக்கப்போவது வேலைக்குப் போகிற முகமா, கல்யாணத்துக்குக் காத்திருக்கிற முகமா என்பதுதான் எங்கள் வீட்டுச் சண்டை. பஸ் ஸ்டாண்டு ஸ்டூடியோவுக்குப் போகலாமே என்றேன். வயசுப் பெண்ணின் ஆயுசில் மூன்று வருஷத்தைச் செலவழிக்க நைனா சம்மதிக்கவில்லை.

முதல் நாள் நைனா காமிரா பக்கத்திலேயே நின்றுகொண்டார். "லேசா சிரிம்மா. தலைய குனி. அவ்ளோ குனியாத, கம்மல் தெரியணும்." நான் வேண்டுமென்றே உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "உங்க நைனா கேக்கற மூஞ்சியும் வாணாம், நீ வச்சிருக்கற மூஞ்சியும் வாணாம். நாளைக்கு வாங்க."

மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் நைனாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு, என்னைத் தோளைத் திருப்பி உட்காரச் சொன்னார். திரும்பியபோதுதான் பின்னால் தொங்கிய திரையைச் சரியாகப் பார்த்தேன். எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டை வரைந்த திரை. சூரியன் கோட்டைக்கு இடது பக்கம். கோட்டையின் நிழலும் இடது பக்கம்.

"அண்ணே, வெளிச்சம் வர்ற பக்கமே நிழல் வுழுமா?" என்று அவர் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

காமிரா 'டக்' என்றது. "போதும்."

பிறகு அவர் போய்த் திரைக்கு முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். "பத்து வருஷமா இது முன்னாலதான் ஊரையே ஒக்கார வச்சேன்" என்றார். சாயங்காலம் பார்த்தபோது அங்கே திரை இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர்தான் இருந்தது.

படத்தில் என் ஒரு புருவம் ஏறியிருந்தது. கண்கள் எதிரில் இருப்பவரிடம் விளக்கம் கேட்டன.

"இன்னாப்பா இது, எடை கொறஞ்சா கேக்கறாப்ல பாக்குது?" என்றார் நைனா.

"உம் பொண்ணுதாம்பா. வேற யாருன்னு நெனச்ச?"

பெண் கோபக்காரி போலத் தெரிகிறது என்று திண்டிவனத்திலிருந்து கடிதம் வந்தது. அணைக்கட்டு ஆபீஸிலிருந்தும் வந்தது, நேரில் வரச் சொல்லி. அங்கே இருந்த பெரிய அதிகாரி என் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "இந்தப் படத்தில் எதைப் பார்த்து இப்படி முறைக்கிறாய்?" என்றார். "திரையில் நிழல் தப்பான பக்கம் விழுந்திருந்தது, சார்" என்றேன். அதற்குமேல் அவர் அதிகம் கேட்கவில்லை.

வேலையில் சேரக் கிளம்பிய அன்று, பஸ்ஸுக்குப் போகும் வழியில் டிரங்குப் பெட்டியோடு அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "ஒக்காரு" என்றார். "வருஷம் ஆவலியேண்ணே" என்றேன். காதில் வாங்கவில்லை. வெறும் சுவருக்கு முன்னால் ஒன்று எடுத்தார். பழக்கத்தில் நான் எழுந்துவிட்டேன்.

"யாரு எழுந்திருக்கச் சொன்னது?" காமிராவில் இரண்டாவது படத்துக்கான பிளேட்டைச் செருகிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு போதுமேண்ணே."

"போதாது."

கறுப்புத் துணிக்குள் இருந்தபடி சொன்னதால் முகம் தெரியவில்லை. அந்த இரண்டாவது படத்தால் என் ஆயுசில் ஒரு வருஷம் குறைந்திருக்குமானால், அதைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.