ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக்கொள்பவர்

லிமிட்டுக்குள் வாழ்கிறவர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை கூடியிருக்கிறது என்று டாக்டர் முகத்தைச் சுளித்தால், "போன மாசம் குறைவாத்தானே இருந்தது, ரெண்டையும் கூட்டி வகுத்துப் பாருங்க டாக்டர்" என்பார். கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவை பாயசத்துக்கு இலையைக் காட்டும்போது, காலையிலிருந்து தான் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பதைப் பரிமாறுகிறவனுக்கு மட்டுமல்லாமல் பந்தி முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார். மைத்துனனை நடுத்தெருவில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, திரும்பி நடக்கும்போதே, "மத்தபடி நான் ஒருத்தன்கிட்டயும் வம்புக்குப் போறவன் இல்ல" என்று நம்மிடம் தனக்குத்தானே நற்சாட்சி கொடுத்துக்கொள்வார். இவரைப் பொறுத்தவரை தப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. நல்ல நாட்களோடு சேர்த்துக் கூட்டி வகுத்தால் அது கரைந்து போய்விடும். சராசரியைக் கண்டுபிடித்த ஆசாமி யார் என்று மட்டும் தெரிந்தால், இவர் அவனுக்கு முச்சந்தியில் ஒரு குருசடி கட்டி மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பார்.

நம்முடைய குமாரதாஸ் இந்த இனத்தின் தலைமகன்.

கருங்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிப்பருப்பு ஆலையில் அவர் மேனேஜர். எங்கள் பக்கத்தில் அதற்கு அண்டி ஆபீஸ் என்று பேர். ஆபீஸ் என்றவுடன் மேசை, மின்விசிறி என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே பெரிய இரும்பு ட்ரம் ஒன்று உருண்டுகொண்டிருக்கும். பருப்பெடுத்த தோட்டையே கீழே போட்டு எரித்து, மேலே கொட்டையை வறுப்பார்கள். அப்போது சிம்னி வழியாகக் கிளம்புகிற புகை இருக்கிறதே, அது கண்ணில் பட்டால் எதிரிக்காகவும் அழுகை வரும். இந்தப் புகையில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிறவர் குமாரதாஸ்.

அவர் பொய் எழுதுவார் என்று நினைத்தால் அது பாவம். தவக்காலத்தில் மீன்கூடத் தொடாதவர் அவர். ஆலை ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்துக்கொள்வார், அவ்வளவுதான். பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், பந்த் நடந்த நாள், கரண்ட் போன நாள், முதலாளியின் மாமியார் காலமான நாள், ஒன்றையும் விடமாட்டார். புகையே இல்லாத இத்தனை நல்ல நாட்களும் ஒன்றுசேர்ந்து உட்கார்ந்து அழுத்தினால், புகை நாள் என்ன செய்யும் பாவம்? ஒவ்வொரு தடவையும் லிமிட்டுக்குள்ளேயே வந்து நிற்கும்.

வாரியத்திலிருந்து ஆள் வருகிற நாளுக்குத் தனிச் சடங்கு உண்டு. அன்றைக்குத் தோட்டை ஒதுக்கிவிட்டுக் காய்ந்த தேங்காய்ச் சிரட்டையாகப் பார்த்து எரிப்பார்கள். ட்ரம் மெல்ல உருளும். தீ போடுகிற ஏசுஅடிமை சிம்னியை அண்ணாந்து பார்த்து, "புதுநன்மைக்கு வெள்ள உடுப்பு போட்டுக் கோவிலுக்குப் போற பிள்ள மாதிரில்லா நிக்குது நம்ம சிம்னி" என்பான்.

இதெல்லாம் ஆலைக் கதை. வீட்டுக் கதை வேறு.

அவர் மனைவி ஞானபாய்க்கு மூச்சுக் கோளாறு. ஆலைக்குப் பின்னாலேயே குடியிருந்தபோது வந்தது. இடத்தை மாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னார். குமாரதாஸ் கெட்டவர் அல்லர். மனைவி மேல் உயிர்தான். கடலுக்கு எதிர்ப்பக்கமாக, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் மேட்டில் ஒரு வீடு கட்டி அவளைக் கொண்டுபோய் வைத்தார். வருகிறவர்களை எல்லாம் முற்றத்தில் நிறுத்தி மூச்சை இழுத்துவிடச் சொல்லுவார். "ஊட்டியில கெடைக்குமா இந்தக் காத்து?" என்பார். விருந்தாளி இழுத்துவிட்டு, கிடைக்காது என்று சொன்ன பிறகுதான் உள்ளேயிருந்து காப்பி வரும்.

ஆனால் மதியமானால் ஞானபாய்க்கு மூச்சு முட்டியது.

"இஞ்ச பாருங்க, உச்சி திரும்பினா நெஞ்சு அடைக்குது. கண்ணும் எரியுது."

"காலத்த எந்திரிச்சப்ப எப்பிடி இருந்தது?"

"காலத்த கொழப்பமில்ல."

"ராத்திரி?"

"ராத்திரியும் நல்லாத்தான் ஒறங்கினேன்."

"ஞாயிற்றுக்கெழம?"

"பூசைக்குப் போயிட்டு வந்து சொகமாத்தான் கெடந்தேன்."

"பெறவு என்ன? எல்லாம் சேத்துப் பாத்தா லிமிட்டுக்குள்ளதான் கெடக்கு. நீயா நெனச்சு நெனச்சு வருத்திக்கிடுதது."

கட்டிய மனைவியின் மூச்சையே கூட்டி வகுக்கிற மனிதரிடம் என்ன பேசுவது? அவள் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஜன்னலைச் சாத்துவாள். தன் மூச்சை ஒருவர் நம்பினால் போதும் என்பதுதான் அவளுடைய ஆசை. அந்த ஒருவர் நம்பவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஓசோன் வந்தது. காற்றில் அளக்க வேண்டியவற்றின் பட்டியலில் அரசாங்கம் அதையும் சேர்த்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்துக்கு அது மெல்லத்தான் வந்து சேர்ந்தது. வாரியத்தின் இளம் பொறியாளர் ஹஸீபா, குளச்சல்காரப் பெண், ஆலைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். குமாரதாஸுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"வானத்துல அதுல ஓட்ட விழுந்து கெடக்குன்னுல்லா பேப்பர்ல போடுதான்? நாங்க இங்க கொஞ்சம் உண்டாக்கிக் குடுத்தா உபகாரம்தானே மேடம்?"

"மேல இருந்தா அது குடை சார். கீழ இருந்தா நெஞ்சுக்கு ஆவாது. இங்கேருந்து மேல அனுப்பவும் முடியாது."

"எங்க சிம்னியில வருதா?"

"எந்தச் சிம்னியிலயும் நேரா வராது சார். உங்க புகை, லாரிப் புகை, செங்கச்சூளைப் புகை எல்லாம் காத்துல கலக்கும். வெயில் அத வேவிக்கும். அப்பதான் ஓசோன் உண்டாவும்."

குமாரதாஸ் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார். "அப்ப வெயிலுக்குல்லா மேடம் நோட்டீஸ் அனுப்பணும்?"

ஹஸீபா சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. இந்த இனத்துக்காரர்கள் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த வாரம் அளக்கிற மெஷினை ஏற்றிக்கொண்டு வேன் வந்து ஆலை வாசலில் நின்றது. நாள் முழுக்க அளந்தும் ஓசோன் குறைவாகவே இருந்தது. ஹஸீபாவுக்கு அதில் வியப்பில்லை. "புதுப் புகை பக்கத்துல இருக்க ஓசோனக் கரைச்சிரும் சார். அது தள்ளிப் போன பெறவுதான் கூடும்" என்றார். இதில் முதல் வாக்கியம் குமாரதாஸின் காதில் விழுந்தது. இரண்டாவது வாக்கியம் வரும்போது அவர் எழுந்து போய் முதலாளிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் கருங்கல் சந்தையில் மீன் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் செய்தி கிடைத்துவிட்டது: "எங்க புகை ஓசோனத் தின்னுது, கேட்டியளா!"

இனி ஒப்பிட்டுப் பார்க்க, ஆலையை விட்டுத் தள்ளி, காற்று சுத்தமான ஓர் இடம் வேண்டும் என்றார் ஹஸீபா. குமாரதாஸ் அவரைப் பேசி முடிக்கவே விடவில்லை. தன் வீட்டைவிட்டால் இந்த மாவட்டத்தில் சுத்தமான காற்று எங்கே இருக்கிறது? அதோடு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வீட்டுக்கு வந்து ஞானபாயிடம், "இனி நீயும் சொல்லாண்டாம், நானும் சொல்லாண்டாம். மெஷின் சொல்லட்டும். மெஷின் எனக்க சொந்தக்காரனா?" என்றார்.

"மெஷினு சொன்னா கேப்பியளா?" என்றாள் ஞானபாய்.

"கேப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வேன் வந்த அன்றைக்கு அந்த முற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வேனைச் சுற்றி நாற்காலி போட்டு, அக்கம்பக்கத்தாரை அழைத்து, ஏத்தன் வாழைக்காய் சிப்ஸும் ஆலையிலிருந்து வந்த முழுப் பருப்பும் தட்டில் வைத்து, ஏதோ மகளுக்கு நிச்சயதார்த்தம் மாதிரி ஏற்பாடு. பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் மரியஜான் முதல் வரிசையில் உட்கார்ந்து பருப்பைக் கவனித்துக்கொண்டார். காலையில் மெஷின் காட்டிய அளவு மிகக் குறைவு. குமாரதாஸ் அதைக் கோவிலில் வேதபாடம் வாசிக்கிற குரலில் வாசித்தார். மரியஜான் கை தட்டினார். குமாரதாஸ் ஞானபாய் இருந்த அடுக்களைப் பக்கம் திரும்பி, "கேட்டியா ஏட்டி?" என்றார்.

வெயில் ஏறியது. கடற்காற்று மேட்டுக்கு ஏறி வந்து ரப்பர் இலைகளை அசைத்தது. மெஷினின் எண்ணும் ஏறியது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் ஏறியிருந்தது. முதலில் குமாரதாஸ் மெஷின் சூடாகிவிட்டது என்றார். பிறகு, மரியஜான் பைக்கை வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தியதுதான் காரணம் என்று அதைத் தள்ளி நிறுத்த வைத்தார். மரியஜான் பீடி பற்றவைத்தபோது அதையும் பிடுங்கி எறிந்தார். எண் ஏறிக்கொண்டே இருந்தது.

"காலத்த உங்க ஆலையில கெளம்பின புகைதான் சார்" என்றார் ஹஸீபா. "கடல்காத்துல பைய ஏறி, வழியில சூளைப் புகை, வண்டிப் புகை எல்லாத்தையும் சேத்துக்கிட்டு, வெயில்ல வெந்து, சாப்பாட்டு நேரத்துக்குச் செரியா இங்க வந்துருது. நீங்க வீட்டத்தான் மாத்துனீங்க. புகை பின்னாலயே வந்துட்டு."

அப்போது ஞானபாய் வெளியே வந்தாள். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது, மறுகையில் இன்ஹேலர். மெஷின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

"லிமிட்டத் தாண்டியிருக்கும்லா மோளே?" என்றாள்.

ஹஸீபா திரையைப் பார்த்தார். "இப்பதாம்மா தாண்டிச்சு."

நாற்காலிக்காரர்கள் சிப்ஸ் மெல்லுவதை நிறுத்தினார்கள். குமாரதாஸ் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "மேடம், ராத்திரியையும் சேத்து சராசரி போடுங்க."

"ராத்திரி வெயில் கெடையாதே சார். ஓசோன் உண்டாவாதே."

"அதுக்குத்தானே சேக்கச் சொல்லுதேன்!"

மரியஜான் சிரித்தார். ஞானபாய் சிரிக்கவில்லை. நின்று நின்று மூச்சு வாங்கிச் சொன்னாள்:

"செரி, சேத்தே பாருங்க. ராத்திரி மூச்சு விடுதேன். காலத்த விடுதேன். ஞாயிற்றுக்கெழம நல்லாவே விடுதேன். ஒரு மத்தியானம் நான் செத்துப்போனாலும், கூட்டி வகுத்தா உயிரோடதான் இருப்பேன். நீங்க அப்பிடியே எழுதி அனுப்பிருங்க."

குமாரதாஸ், இத்தனை நாள் இவள் சொன்னபோதெல்லாம் தான் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தோமே என்று முதல்முறையாக வெட்கப்பட்டார், பயந்தார். போனை எடுத்தார்.

"ஏலே ஏசுஅடிமை, ட்ரம்ம நிறுத்து."

"இன்ஸ்பெக்சனா சார்? வண்டி உங்க வீட்டுலல்லா நிக்குது?"

"இன்ஸ்பெக்சன்தாம்லே."

"ஆரு வந்திருக்கா?"

குமாரதாஸ் கதவு நிலையைப் பிடித்து நின்றவளைப் பார்த்தார். "பெரிய ஆபீசரு" என்றார்.

அன்றிலிருந்து அந்த அண்டி ஆபீஸில் வறுப்பு பொழுது சாய்ந்த பிறகுதான். வேவிக்க வெயில் இல்லாத நேரம் பார்த்து வறுத்தால் நல்லது என்று ஹஸீபாதான் சொல்லிக்கொடுத்தார். முதலாளியைச் சம்மதிக்க வைக்கக் குமாரதாஸ் பட்ட பாடு தனிக் கதை. ஞானபாயின் மதிய மூச்சு கொஞ்சம் இலகுவானது. கொஞ்சம்தான். மீதி எங்கிருந்து வருகிறது? குமாரதாஸ் கிளம்பினார். ரப்பர் ஷீட்டை உலர்த்த மரியஜான் ஒரு புகைப்புரை வைத்திருக்கிறார், பகலெல்லாம் புகையும். முதலில் அங்கே போய் உட்கார்ந்து, வெயில், காற்று, வேவது எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கி, மனைவி படுகிற பாட்டையும் சொல்லி, புகை போடுவதை ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். மரியஜான் முழுக்கக் கேட்டார். மனதார வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்:

"எனக்க புகைப்புரை இத்துனூண்டுல்லா சார். மழக்காலம் முழுக்க அடைச்சும் போட்டிருக்கேன். அதையும் சேத்துப் பாத்தா லிமிட்டுக்குள்ளதான் வரும்."

செங்கல் சூளைக்காரரும் இதைத்தான் சொன்னார். தினம் காலையில் முற்றத்துச் சருகைக் கூட்டித் தீ வைக்கிற எதிர்வீட்டுக்காரர் இன்னும் அழகாகச் சொன்னார். அவர்கள் பேசியது அத்தனையும் குமாரதாஸின் சொந்த வசனம். வீட்டுக்குத் திரும்பி வந்து, மனைவி எழுந்திருக்கும் முன் தானே போய் ஜன்னலைச் சாத்தினார்.

இதையெல்லாம் படித்துச் சிரித்த நீங்கள் அந்த இனத்தைச் சேர்ந்தவர் இல்லை, எனக்குத் தெரியும். உங்களிடம் சிம்னி கிடையாது. வீட்டுக்குப் பின்னால் கூட்டிவைத்த சருகு ஒரு சின்னக் குவியல். அதில் கிடக்கிற பிளாஸ்டிக் பைகள் நாலோ ஐந்தோ. ஸ்கூட்டர் புகை கக்குவதும் மேடு ஏறும்போது மட்டும்தான். அதோடு, நீங்கள் தினமுமா எரிக்கிறீர்கள்? மழை பெய்தால் எரிப்பதில்லை. ஊருக்குப் போனால் எரிப்பதில்லை. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ரொம்பக் குறைவுதான். தீக்குச்சியை உரசும் முன் காற்று எந்தப் பக்கமாகப் போகிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் யாராவது ஒருத்தி ஜன்னலைச் சாத்த எழுந்து வந்தால், நீங்கள் எரிக்காத நாட்களின் கணக்கை அவளிடம் சொல்லிப் பாருங்கள்.