படம் பார்த்துத் திருந்துபவர்

படம் பார்த்து அழுபவர்கள் உண்டு, தூங்குபவர்கள் உண்டு; இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது: படம் பார்த்துத் திருந்துபவர். அதிலும் அடிதடிப் படம் பார்த்துத் திருந்தியவரைச் சமாளித்துவிடலாம். மெதுவாக நகரும் படம் பார்த்தவர் இருக்கிறாரே, அவரிடமிருந்து ஆண்டவன்தான் நம்மைக் காப்பாற்ற வேண்டும்.

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். எதைக் கேட்டாலும் "ம்" என்பதைத் தவிர வேறு பதில் அறியாதவர். "சுவரோட குடித்தனம் நடத்த என்னால முடியாது" என்று மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வருவாளா மாட்டாளா என்று தெரியாமல், சோறு இறங்காமல், மனிதர் ஒரு படத்துக்குப் போனார். அதில் எல்லாவற்றையும் இழந்த கதாநாயகன் பேசவே மாட்டான். ஜன்னலைப் பார்ப்பான், புல்லாங்குழல் ஊதுவான், பிரிந்து போனவள் வந்துவிடுவாள்.

இவருக்கு என்ன புரிந்திருக்க வேண்டும்? ஆனால் என்ன புரிந்தது? தன்னுடைய "ம்"மில் குறையேதும் இல்லை, பின்னணி இசைதான் போதவில்லை என்று புரிந்தது!

மறுநாளே புல்லாங்குழல் வாங்கினார். வாடிக்கையாளர் கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கையில் தொலைதூரத்தை வெறித்தார். வீட்டில் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, தெருவில் பார்க்க ஒன்றுமில்லாததால் எதிர்வீட்டுத் துணிக்கொடியையே சோகமாகப் பார்த்து, அந்த வீட்டம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஹலோ... என்னங்க?"

மௌனம். படத்தில் இந்த இடத்தில் தியேட்டரே உருகியது.

"ஹலோ! லைன்ல இருக்கீங்களா?"

குழலை எடுத்து உயிரைக் கொடுத்து ஊதினார். ராகம் வரவில்லை. 'உஸ்ஸ்ஸ்' என்று காற்று மட்டும் வந்தது.

"ஐயையோ, கேஸ் லீக் ஆகுது! மனுஷன் பேச்சு மூச்சில்லாம கிடக்கிறாரு! அக்கா, வண்டிய எடு!"

இருவரும் பாய்ந்து வந்து, சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, அவர் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். சொட்டச் சொட்டக் குழலோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மனைவி ஓவென்று அழுதுவிட்டாள்.

"உயிரே போயிடுச்சு எனக்கு! வாயத் திறந்து ஒரு வார்த்த பேசினா என்ன?"

"நீ இல்லாம இருக்க முடியல. வந்துடு!" என்று கத்தியேவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அவள் அக்காவைப் பார்த்தாள். "அக்கா, என் பையக் கொண்டு வந்து குடுத்துடறியா?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அது இருக்கட்டும், உங்கள் வீட்டுப் பரணில் உறை பிரியாமல் ஒரு கிட்டார் கிடக்கிறதே, அது எந்தப் படம் பார்த்து வாங்கியது?